ஒரு தோல்வியோடு கதை முடியாது... என்.பி.ஏ பிளே-ஆஃப் ஏன் ஏழு ஆட்டம்?

காலை 6 மணி. விழுப்புரம் - புதுச்சேரி சாலையில் திருபுவனை அப்போதுதான் சுறுசுறுப்பாகிறது. டீக்கடையில் பால் பொங்குகிறது. எலெக்ட்ரானிக் பார்க் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் வேனுக்காகச் சாலையோரம் நிற்கிறார்கள். அதே நேரம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் முந்தைய நாள் இரவு 8.30. அங்கே நடுவர் பந்தை மேலே தூக்கிப்போட, என்.பி.ஏ பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்று தொடங்குகிறது.

ஏப்ரல் நடுவில் ஆரம்பித்து ஜூன் மூன்றாம் வாரம் வரைக்கும் இதுதான் கணக்கு. ராத்திரி ஐ.பி.எல், விடிந்தால் என்.பி.ஏ. பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வேறு. 'காலங்காத்தால செல்போனில் என்ன பார்க்கிறான் இவன்?' என்று உங்கள் வீட்டில் யாராவது கேட்டிருந்தால், இந்தக் கட்டுரை அவர்களுக்கும் சேர்த்துத்தான்.

82 ஆட்டம் ஆடினாலும் கோப்பை இல்லை!

என்.பி.ஏ-வில் மொத்தம் 30 அணிகள். கிழக்கு, மேற்கு என இரண்டு பிரிவு. பிரிவுக்கு 15 அணி. அக்டோபரில் தொடங்கி ஏப்ரல் வரை ஒவ்வோர் அணியும் 82 ஆட்டம் ஆடும். இவ்வளவு ஆடியும் கோப்பை கிடையாது. பிளே-ஆஃபுக்குள் நுழைய டிக்கெட் மட்டும்தான் கிடைக்கும்.

ஒவ்வொரு பிரிவிலும் முதல் ஆறு இடத்தில் இருப்பவர்கள் நேராக உள்ளே. 7 முதல் 10 வரை இருக்கும் நான்கு அணிகள், மீதமுள்ள இரண்டு இடத்துக்காக 'பிளே-இன்' என்ற குட்டிப் போட்டியில் மோதும். இங்கே 7, 8-வது இடக்காரர்களுக்கு ஒரு சலுகை: ஒரு முறை தோற்றாலும் இன்னொரு வாய்ப்பு உண்டு. 9, 10-வது இடக்காரர்கள் இரண்டு ஆட்டத்தையும் ஜெயித்தே ஆக வேண்டும்.

இப்படி 16 அணிகள் தேறியதும் நிஜமான திருவிழா ஆரம்பம். நான்கு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் அதே இரண்டு அணிகள் திரும்பத் திரும்ப மோதும். அதிகபட்சம் ஏழு ஆட்டம். முதலில் நான்கு வெற்றி பெறுபவர் அடுத்த சுற்றுக்குப் போவார். ஆக, கோப்பையைத் தூக்க 16 வெற்றி வேண்டும்.

ஐ.பி.எல் பிளே-ஆஃபில் முதல் இரண்டு இடம் பிடித்த அணிகளுக்கு மட்டும் இரண்டாவது வாய்ப்பு உண்டு. மூன்றாவது, நான்காவது அணிகள் ஒரு நாள் சறுக்கினால் அவ்வளவுதான். என்.பி.ஏ பிளே-ஆஃபுக்குள் வந்துவிட்டால், எட்டாவதாக நுழைந்த அணியும் குறைந்தது நான்கு முறை தோற்ற பிறகுதான் மூட்டை கட்டும்.

ஏழு எதற்கு? ஒரு சின்னக் கணக்கு

'ஏ' அணி, 'பி' அணியைவிடக் கொஞ்சம் நல்ல அணி என்று வைத்துக்கொள்வோம். பத்து முறை மோதினால் ஆறு முறை 'ஏ' ஜெயிக்கும். ஒரே ஓர் ஆட்டம் வைத்தால், 'ஏ' ஜெயிக்க 60 சதவிகித வாய்ப்பு. மூன்று ஆட்டத் தொடர் என்றால் அது சுமார் 65 சதவிகிதம். ஏழு ஆட்டம் என்றால் 71 சதவிகிதம். ஆட்டங்கள் கூடக் கூட அதிர்ஷ்டத்தின் பங்கு குறைகிறது. உழைத்த அணியின் பங்கு கூடுகிறது. ஆனாலும் மீதி 29 சதவிகிதம் 'பி' அணிக்காகக் காத்திருக்கிறது. காலை 6 மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார வைப்பது அந்த 29-தான்!

ஆட்டம் நடக்கும் இடத்திலும் ஒரு நியாயம் உண்டு. லீக் சுற்றில் அதிக வெற்றி பெற்ற அணியின் ஊரில் முதல் இரண்டு ஆட்டம். அடுத்த இரண்டு, எதிரணியின் ஊரில். தேவைப்பட்டால் மீதி மூன்றும் மாறி மாறி. ஏழாவது ஆட்டம், அதிக வெற்றி பெற்ற அணியின் சொந்த மண்ணில். 82 ஆட்டம் ஆடியதற்கு அதுதான் கூலி.

தோற்றவன் பாடம் படித்த கதை

2025 இறுதித் தொடரையே பாருங்கள். ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணிக்கும் இந்தியானா பேசர்ஸ் அணிக்கும் மோதல். லீக் சுற்றில் 68 வெற்றி குவித்திருந்த தண்டர் சுலபமாக ஜெயித்துவிடும் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

முதல் ஆட்டம், தண்டரின் சொந்த ஊர். ஆட்டம் முழுக்க இந்தியானா ஒரு நொடிகூட முன்னிலையில் இல்லை. முடிய 0.3 விநாடி இருக்கும்போது டைரீஸ் ஹாலிபர்ட்டன் போட்ட பந்து கூடையில் விழுந்தது. 111-110. அரங்கமே மௌனம்!

இரண்டாவது ஆட்டம் தண்டருக்கு. மூன்றாவது மீண்டும் இந்தியானாவுக்கு. நாக்-அவுட் போட்டியாக இருந்திருந்தால் தண்டர் முதல் நாளே வீட்டுக்குப் போயிருக்கும். இங்கே யோசிக்க நேரம் கிடைத்தது. முதல் மூன்று ஆட்டங்களில் பெஞ்சில் இருந்து இறங்கிய உயரமான ஆட்டக்காரர் ஐசையா ஹார்டன்ஸ்டைனை, நான்காவது ஆட்டத்தில் தொடக்க ஐவரில் மீண்டும் சேர்த்தார் பயிற்சியாளர் மார்க் டைக்நால்ட். அந்த ஆட்டத்திலும் தண்டர் பின்தங்கித்தான் இருந்தது. கடைசி ஐந்து நிமிடத்துக்குள் மட்டும் 15 புள்ளிகள் எடுத்தார் ஷே கில்ஜியஸ்-அலெக்சாண்டர். 111-104 என்று வெற்றி. தொடர் 2-2.

ஐந்தாவது தண்டருக்கு, ஆறாவது இந்தியானாவுக்கு. கடைசியில் நம் நேரப்படி ஜூன் 23, திங்கட்கிழமை அதிகாலை ஏழாவது ஆட்டம். கெண்டைக்கால் வலியோடு இறங்கிய ஹாலிபர்ட்டன் முதல் குவார்ட்டரில் ஒன்பது புள்ளிகள் எடுத்தார். அதே குவார்ட்டரில் குதிகால் தசைநார் அறுந்து தரையில் விழுந்தார். அடுத்த சீசன் முழுவதும் அவரால் ஆட முடியாமல் போனது. தண்டர் 103-91 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது. ஏழு ஆட்டத் தொடர் வாய்ப்பும் தரும்; உடம்பைப் பிழிந்தும் எடுக்கும். இரண்டையும் அந்த ஒரே காலையில் பார்க்க முடிந்தது.

இன்னொரு விஷயம். ஓக்லஹோமா சிட்டி ஏதோ நியூயார்க் மாதிரி பெரிய நகரம் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்த நகர எல்லைக்குள் இருந்தவர்கள் சுமார் 6.8 லட்சம் பேர். 2011 கணக்கெடுப்பில் நம் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் 12 லட்சத்துக்கும் மேல்! பணக்கார நாட்டு நகரம்தான், ஒப்பிட முடியாதுதான். ஆனாலும், பெரிய ஊர்க்காரர்கள்தான் ஜெயிக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

3-1... 3-0... எந்த நிலையில் நம்பிக்கை போகும்?

2016-ல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், லீக் சுற்றில் 73 வெற்றி என்ற சாதனையோடு இறுதித் தொடருக்கு வந்தது. கிளீவ்லேண்ட் கேவலியர்ஸுக்கு எதிராக 3-1 என்று முன்னிலையும் பெற்றது. அதற்கு முன் இறுதித் தொடரில் அந்த நிலையிலிருந்து யாருமே மீண்டதில்லை. கிளீவ்லேண்ட் மூன்றையும் வரிசையாக ஜெயித்தது. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில் கைரி இர்விங் போட்ட மூன்று புள்ளி ஷாட்டும், அதற்குச் சற்று முன் லெப்ரான் ஜேம்ஸ் பின்னாலிருந்து ஓடிவந்து தடுத்த பந்தும் இன்றைக்கும் செல்போன்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன.

ஆனால், 3-0 என்று பின்தங்கிய அணி? 2025 வரையிலான வரலாற்றில் 150-க்கும் மேற்பட்ட முறை அந்த நிலை வந்திருக்கிறது. மீண்டு வந்து தொடரை வென்றவர் யாரும் இல்லை. 2023-ல் பாஸ்டன் செல்டிக்ஸ் மூன்று ஆட்டம் ஜெயித்து 3-3 வரை கொண்டுவந்தது. ஏழாவதில் மயாமியிடம் தோற்றது.

டொரன்டோவில் தமிழர்களும் கொண்டாடிய கோப்பை

இதில் நம்மவர்களுக்கு எங்கே இடம் என்று கேட்கிறீர்களா? 2019-ல் கோப்பை வென்ற டொரன்டோ ராப்டர்ஸ், அமெரிக்காவுக்கு வெளியே இருந்து என்.பி.ஏ பட்டம் வென்ற முதல் அணி. ஸ்கார்பரோ உள்ளிட்ட அந்த நகரின் பகுதிகள்தான் ஈழத் தமிழர்கள் ஏராளமாக வாழும் இடம். அந்த ஆண்டு பிளாடெல்பியாவுக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தின் கடைசி நொடியில் கவாய் லெனர்ட் வீசிய பந்து, வளையத்தில் நான்கு முறை துள்ளிவிட்டு உள்ளே விழுந்தது. அகதியாகப் போய் இறங்கிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கும் அது 'எங்க ஊர்' அணியின் வெற்றி.

அந்த அணியின் மிகப் பிரபலமான ரசிகரும் இந்தியாவில் பிறந்தவர்தான்: நவ் பாட்டியா. தலைப்பாகையோடு முதல் வரிசையில் உட்கார்ந்து கத்தும் அவருக்கு, ஆட்டக்காரர்களுக்குத் தருவதுபோலவே சாம்பியன் மோதிரம் தந்து கௌரவித்தது ராப்டர்ஸ்.

நம் பிள்ளைகளுக்கு ஏழு ஆட்டம் எங்கே?

கூடைப்பந்து நமக்குப் புதிதல்ல. 1891-ல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியது ஒய்.எம்.சி.ஏ பயிற்சிப் பள்ளியில். அதே ஒய்.எம்.சி.ஏ-வைச் சேர்ந்த ஹாரி குரோ பக், 1920-ல் சென்னையில் உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். நூறு வருடத்துக்கும் மேலான உறவு இது!

ஆனால், தொழில்முறை லீக்? 2015-ல் யு.பி.ஏ என்ற லீக் வந்தது. சென்னை ஸ்லாம் உட்பட எட்டு அணிகள். 2017-க்குப் பிறகு நின்றுபோனது. பின்னர் ஐ.என்.பி.எல் வந்தது, 2022-23 முதல் சீசனில் பட்டம் வென்றது சென்னை ஹீட். 2025 தொடக்கத்தில் 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான தொழில்முறைத் தொடர் ஒன்று டெல்லியில் நடந்தது. சில வாரங்களில் முடிந்துவிட்டது. அமெரிக்காவில் பிளே-ஆஃப் மட்டுமே இரண்டு மாதம்!

அதனால்தான் நம் ஊரில் கூடைப்பந்து ஆடும் பிள்ளையின் கனவு பெரும்பாலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையில் போய் நிற்கிறது. ரயில்வே, வங்கி, காவல்துறை... அதில் தவறே இல்லை. சென்னையின் அனிதா பால்துரை, தெற்கு ரயில்வேயில் பணியாற்றிக்கொண்டே இந்திய மகளிர் அணியின் கேப்டனாக உயர்ந்தார். தொடர்ந்து ஒன்பது ஆசியப் போட்டித் தொடர்களில் ஆடினார். 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். அவர் ஆடிய காலத்தில் இந்தியாவில் நிலையான மகளிர் லீக் இருந்திருந்தால், எத்தனை அனிதாக்கள் நமக்குக் கிடைத்திருப்பார்கள்?

பஞ்சாபின் பல்லோ கே என்ற குக்கிராமத்தில் பிறந்த சத்னம் சிங்கை, 2015-ல் டல்லாஸ் மாவரிக்ஸ் 52-வது ஆளாகத் தேர்வு செய்தது. இந்தியாவில் பிறந்து அப்படித் தேர்வானவர்களில் அவரே முதல் ஆள். ஆனால், என்.பி.ஏ ஆட்டம் ஒன்றில்கூட அவர் இறங்கவில்லை. பின்னாளில் மல்யுத்தக் காட்சிகளுக்குப் போய்விட்டார். உயரம் மட்டும் போதாது. ஆட ஆட வரும் அனுபவம் வேண்டும். அது ஆட்டங்களின் எண்ணிக்கையில் இருக்கிறது.

லீக் வரும்வரை காத்திருக்க வேண்டுமா?

பெரிய லீக்கை நம்மால் நடத்த முடியாது. ஊர்ப் போட்டியை மாற்றலாம். கோடையிலும் பொங்கலிலும் நம் கிராமங்களில் நடக்கும் போட்டிகள் பெரும்பாலும் நாக்-அவுட். என்ட்ரி ஃபீஸ் கட்டி, பனியன் தைத்து, டெம்போ பிடித்துப் போய், ஒரே ஓர் ஆட்டம் தோற்றுத் திரும்பும் அணிகள் எத்தனை! எட்டு அணி நாக்-அவுட்டில் மொத்தம் ஏழு ஆட்டம். அதில் நான்கு அணிகள் ஒரே ஆட்டத்தோடு வெளியே.

அதே எட்டு அணிகளை நான்கு நான்காகப் பிரித்து லீக் ஆட வையுங்கள். லீக்கில் 12, அரையிறுதி 2, இறுதி 1. மொத்தம் 15 ஆட்டம். கடைசி இடம் பிடித்த அணியும் மூன்று ஆட்டம் ஆடிவிட்டுத்தான் போகும். இறுதியை மட்டுமாவது மூன்று ஆட்டத் தொடராக வைத்தால் இன்னும் நல்லது.

'அவ்வளவுக்கு நேரமும் இடமும் எங்கே?' என்பவர்களுக்கு 3x3 கூடைப்பந்து இருக்கிறது. அரை மைதானம், ஒரே கூடை போதும். அணிக்கு மூன்று பேர், மாற்று ஆள் ஒருவர். 10 நிமிடம், அல்லது யார் முதலில் 21 புள்ளி எடுக்கிறாரோ அவருக்கு வெற்றி. டோக்கியோவிலிருந்து ஒலிம்பிக்கிலும் இந்த ஆட்டம் உண்டு. இந்தக் கணக்கில் 15 ஆட்டத்தையும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிடலாம்.

அடுத்த முறை ஊரில் போட்டி அறிவிப்பு ஒட்டும்போது, அமைப்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, முதல் ஆட்டத்துல தோத்த பசங்களுக்கு இன்னொரு ஆட்டம் உண்டா?"