மூன்று வருடங்கள் மாறாத ஒரே பதில்: புனித தேவசகாயம் காட்டிய துணிச்சல்

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவிலுக்கு பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? முப்பந்தல் நெருங்கும்போதே காற்று முகத்தில் அறையும். சாலையின் இருபுறமும் காற்றாலைகள் சுழன்றுகொண்டிருக்கும். அதைத் தாண்டினால் ஆரல்வாய்மொழி. அங்கே இருக்கும் காற்றாடிமலையில்தான் 1752-ம் ஆண்டு ஜனவரி 14 அன்று ஒரு மனிதர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கிட்டத்தட்ட 270 வருடங்கள் கழித்து, 2022 மே 15 அன்று வத்திக்கானில் போப் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அவர்தான் தேவசகாயம். இந்தியாவில் இதற்கு முன் புனிதர் பட்டம் பெற்றவர்கள் குருக்களும் துறவியரும்தான். தேவசகாயமோ மனைவியோடு குடும்பம் நடத்திய ஓர் அரசு ஊழியர். பொதுநிலையினரில் இந்தப் பட்டம் பெற்ற முதல் இந்தியர் அவர்தான்.

'விசுவாசத்தில் வைராக்கியம்' என்றதும் பலருக்கு மேடைப் பேச்சும் வாக்குவாதமும்தான் நினைவுக்கு வரும். தேவசகாயத்தின் கதையில் அவை அதிகம் இல்லை.

அரண்மனை அதிகாரி

1712-ல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில், வசதியான நாயர் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் நீலகண்டப் பிள்ளை. அப்போது இந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. மன்னர் மார்த்தாண்ட வர்மா. பத்மநாபபுரம் அரண்மனையில் நீலகண்டருக்கு நல்ல வேலை, நல்ல மரியாதை. மனைவி பார்கவியம்மாள்.

1741-ல் குளச்சல் போர் நடந்தது. டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மாவின் படை தோற்கடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய். அவருடைய திறமையைக் கண்ட மன்னர் தன் படைக்கே பயிற்சி கொடுக்கச் சொன்னார். பின்னாளில் அவர் திருவிதாங்கூர்ப் படைத் தளபதியாகவே ஆனார். உதயகிரிக் கோட்டையில் இன்றும் அவர் கல்லறை இருக்கிறது.

இந்த டிலனாய்க்கும் நீலகண்டருக்கும் நட்பு ஏற்பட்டது. அந்த நேரத்தில் நீலகண்டரின் வீட்டில் அடுத்தடுத்து இழப்புகள். மாடுகள் செத்தன, பயிர் பொய்த்தது. மனம் உடைந்திருந்த நண்பருக்கு டிலனாய் பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார் என்கிறது மரபு. எல்லாவற்றையும் இழந்த பிறகும் கடவுளை விடாத மனிதரின் கதை அது.

1745-ல் வடக்கன்குளம் தேவாலயத்தில் இயேசு சபை குரு புத்தாரி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். பைபிளில் வரும் 'லாசர்' என்ற பெயரின் பொருளைத் தமிழாக்கி 'தேவசகாயம்' என்று பெயர் வைத்தார்கள். மனைவியும் பிறகு ஞானஸ்நானம் பெற்று 'ஞானப்பூ' ஆனார்.

பக்கத்தில் உட்கார்ந்தது குற்றமா?

அந்தக் காலத்துத் திருவிதாங்கூரில் யார் யாரைத் தொடலாம், எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும், எந்தப் பாதையில் நடக்கலாம் என்பதற்கெல்லாம் சாதிக் கட்டுப்பாடு இருந்தது. அதன் மேல்படியில் இருந்தவர் தேவசகாயம். கிறிஸ்தவரான பிறகு, தள்ளி வைக்கப்பட்ட மக்களோடு கலந்து பழகினார். கடவுள் முன்னால் எல்லாரும் ஒன்று என்று பேசினார்.

மேல்தட்டில் இருந்தவர்களுக்குப் பெரிய கோபம் வந்தது இதனால்தான் என்கிறது திருச்சபை வரலாறு. தனக்குள் ஒரு நம்பிக்கையை வைத்துக்கொண்டிருந்தால் அவர் பாட்டுக்கு வேலைக்குப் போய் வந்திருக்கலாம். அந்த நம்பிக்கை சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் வந்ததுதான் பிரச்னை.

1749-ல் அவர் கைது செய்யப்பட்டார்.

தினமும் ஒரே கேள்வி

எருமை மாட்டின் மேல் ஏற்றி, கழுத்தில் எருக்கம்பூ மாலை போட்டு, ஊர் ஊராக இழுத்துச் சென்றார்கள். அடித்தார்கள். காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். எருமையும் எருக்கும் நம் ஊரில் எந்த அளவு அவமானத்தின் அடையாளம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அரண்மனை அதிகாரியாக அவர் நடந்த அதே தெருக்களில் இது நடந்தது.

தாகத்தில் தவித்தபோது முழங்கையால் பாறையை இடித்ததும் தண்ணீர் வந்ததாகச் சொல்லப்படும் 'முட்டிடிச்சான் பாறை' புலியூர்க்குறிச்சியில் இருக்கிறது. இன்றும் மக்கள் அந்தத் தண்ணீரைப் பக்தியோடு எடுத்துச் செல்கிறார்கள். பெருவிளையில் அவரை ஒரு வேப்ப மரத்தில் கட்டி வைத்திருந்தார்கள் என்பதும் மக்கள் சொல்லி வரும் செய்தி.

இந்தக் கொடுமைகள் ஒருநாள் இரண்டு நாள் அல்ல, ஏறக்குறைய மூன்று வருடங்கள் நடந்தன. பழைய மதத்துக்குத் திரும்பினால் விட்டுவிடுகிறோம், பதவியும் கிடைக்கும் என்ற வாய்ப்பு நடுநடுவே வந்துகொண்டே இருந்ததாகச் சொல்கிறார்கள்.

இங்கேதான் நாம் யோசிக்க வேண்டியது இருக்கிறது. ஆவேசத்தில் ஒரு நிமிடம் துணிவது பலராலும் முடியும். ஆயிரம் நாட்கள், காலையில் கண் விழிக்கும்போதெல்லாம் அதே கேள்விக்கு அதே பதிலைச் சொல்வது வேறு. நேற்றைய துணிச்சல் இன்றைக்கு உதவாது. இன்றைக்குப் புதிதாகத் துணிய வேண்டும். தன்னை அடித்த காவலர்களையும் அவர் சபிக்கவில்லை, அவர்களுக்காக ஜெபித்தார் என்பதுதான் மக்கள் நினைவில் நின்றிருக்கிறது.

கடைசியில் ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுபோய்ச் சுட்டுக் கொன்றார்கள். காட்டில் கிடந்த உடலின் எஞ்சிய பகுதியைச் சில நாட்கள் கழித்து எடுத்து, கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள்.

மதம் மாறியதற்காக திருவிதாங்கூரில் யாரையும் தண்டித்ததில்லை, அவர் மீது வேறு குற்றச்சாட்டுகள் இருந்திருக்கலாம் என்று கருதும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. திருச்சபை இதற்கு மறுப்பாக அந்தக் காலத்து ஆவணங்களைக் காட்டுகிறது. அவர் இறந்து நான்கு வருடங்களில், 1756-ல், கொச்சி ஆயர் ரோமுக்கு அனுப்பிய அறிக்கையிலேயே அவருடைய மரணம் பதிவாகியிருக்கிறது.

சுவர் வந்தது, சுவர் போனது

தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில் பின்னால் நடந்ததையும் சொல்ல வேண்டும். 1872-ல் அங்கே ஒரு புதிய தேவாலயம் கட்டினார்கள். இரண்டு கால்கள் பிரிவது போன்ற அமைப்பு. ஒரு பக்கம் சில சாதியினர், மறுபக்கம் மற்றவர்கள், நடுவில் சுவர். பீடம் மட்டும் பொது. 'கால்சட்டைக் கோயில்' என்றே அதற்குப் பெயர் வந்தது.

எல்லாரும் ஒன்று என்று சொன்னதற்காக ஒருவர் அடி வாங்கிய மண்ணில், அவர் வழியில் வந்தவர்களே தங்களுக்குள் சுவர் எழுப்பிக்கொண்டார்கள். 1910-ல் கௌசானல் அடிகளார் அந்தச் சுவரை இடித்தார். எதிர்ப்பு கிளம்பியது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தேவாலயத்துக்குள் சாதிப்படி தனி இடம் கேட்க உரிமை இல்லை என்று தீர்ப்பானது.

புனிதர் பட்டத்துக்கான வேலைகள் நடந்தபோதும் இதே கேள்வி வந்தது. அவர் பெயரோடு 'பிள்ளை' என்ற சாதிப் பெயர் சேர்ந்தே இருந்தது. சாதியை விட்டு வந்தவருக்கு எதற்குச் சாதிப் பெயர் என்று ஓய்வுபெற்ற ஐ.ஏ.எஸ் அதிகாரி ஒருவர் வத்திக்கானுக்குக் கடிதம் எழுதினார். அந்தப் பின்னொட்டு நீக்கப்பட்டது. வெறும் 'தேவசகாயம்' என்ற பெயரிலேயே புனிதர் ஆனார்.

நமக்கு எங்கே?

நம்மை இன்று யாரும் எருமையில் ஏற்றப் போவதில்லை. ஆனால், சின்னச் சின்ன இடங்களில் அதே கேள்வி நம்மிடமும் வருகிறது. வீட்டு வேலைக்கு வருபவருக்குத் தனி டம்ளர் எடுத்து வைக்கும்போது வருகிறது. பிள்ளைக்கு வரன் பார்க்கும்போது, கோயிலில் ஒன்றாக ஜெபித்த குடும்பம் திடீரென்று 'வேற ஆளுங்க' ஆகும்போது வருகிறது. அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து ஒருவரைப் பற்றித் தப்பாகப் பேசும்போதும் வருகிறது. அங்கே 'இது சரியில்லை' என்று தணிந்த குரலில் சொல்வதற்கும் வைராக்கியம் வேண்டும். எந்த மதத்தவருக்கும் இது பொருந்தும்.

ஒருவரை மறந்துவிடக் கூடாது. ஞானப்பூ. கணவர் கைதானபோது பதவி, சொந்தம், ஊர் என எல்லாம் அவருக்கும்தான் போனது. அவரை எருமையில் ஏற்றவில்லை, அவருக்குப் புனிதர் பட்டமும் இல்லை. கணவர் போன பிறகு நட்டாலத்துக்குத் திரும்பாமல், தாங்கள் ஞானஸ்நானம் பெற்ற வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து, அங்கேயே இறந்தார். அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் அவர் கல்லறைக்கும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வாருங்கள்.