தொலைக்காட்சிப் பெட்டி வாங்குமுன்

இந்தியாவில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1959ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தில்லியில் சோதனை முறையில் தொடங்கியது. தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடைபெற்ற 1982ஆம் ஆண்டில் வண்ண ஒளிபரப்பு வந்தது. அக்காலத்தில் பெட்டி வாங்கச் சென்றவரின் முன் இருந்த கேள்விகள் மிகச் சில. கறுப்பு வெள்ளையா வண்ணமா, பெரியதா சிறியதா என்பவற்றோடு அவை முடிந்துவிடும். இன்றோ கடைக்குள் நுழைபவரைப் பல திரைகள் ஒரே நேரத்தில் ஒளிர்ந்து வரவேற்கின்றன. 4கே, கியூ.எல்.இ.டி., எச்.டி.ஆர். என எழுத்துகளும் எண்களும் கண்ணை மொய்க்கின்றன. அவற்றுள் எதற்குப் பணம் கொடுப்பது, எதை விட்டுவிடுவது என்பது கையில் அளவான தொகை மட்டும் உள்ள குடும்பத்திற்கு எளிய முடிவன்று.

நாக்பூரில் இரயில்வே குடியிருப்பு ஒன்றில் வாழும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். தந்தை, தாய், இரு பிள்ளைகள், ஊரிலிருந்து வந்து உடன் தங்கியிருக்கும் பாட்டி என வீட்டில் ஐவர். பாட்டிக்கு இந்தியும் மராத்தியும் தெரியா. பகலில் மற்றவர்கள் வேலைக்கும் பள்ளிக்கும் சென்றபின் அவரோடு தமிழில் பேசும் துணை தொலைக்காட்சி ஒன்றே. பழைய பெட்டி பழுதாகிவிட்டது. புதியதற்கு ஒதுக்கியுள்ள தொகை 25,000 ரூபாய்.

இக்குடும்பம் முதலில் செல்ல வேண்டிய இடம் கடையன்று. தன் வீட்டுக் கூடமே. அளவு நாடாவை எடுத்து, அமரும் இடத்திற்கும் திரை அமையவிருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள தொலைவை அளக்க வேண்டும். அது 7 அடி, அதாவது ஏறத்தாழ 213 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். திரையின் மூலைவிட்டத்தைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரண்டரை மடங்கு வரை தள்ளி அமர்ந்து பார்க்கலாம் என்பது பரவலாகக் கூறப்படும் வழிகாட்டல். பெட்டியின் மீது ‘43 அங்குலம்’ என்று இருப்பதும் இம்மூலைவிட்டமே, திரையின் அகலமன்று. 213ஐ நடுத்தரமாக இரண்டால் வகுத்தால் 107 செ.மீ. கிடைக்கும். கடையில் ‘108 செ.மீ. (43 அங்குலம்)’ என்று விற்கப்படும் திரை அதற்குப் பொருந்தும். 32 அங்குலத் திரை இக்கூடத்திற்குச் சற்றுச் சிறியது. இரண்டிற்கும் 11 அங்குலமே வேறுபாடு எனத் தோன்றினாலும், பரப்பளவில் 43 அங்குலத் திரை ஏறத்தாழ 80 விழுக்காடு பெரியது. திரையின் அடியில் ஓடும் செய்தி வரிகளைப் படிக்கும் முதியவருக்கு இவ்வேறுபாடு உடனே புலப்படும்.

அடுத்து வருவது படப்புள்ளிகளின் கணக்கு. விளம்பரங்கள் மிகுதியாக முழங்குவதும், வாங்குவோர் மிகுதியாகக் குழம்புவதும் இங்கேதான். திரையில் தோன்றும் படம் நுண்ணிய புள்ளிகளால் ஆனது. ‘ஃபுல் எச்.டி.’ எனப்படும் திரையில் 1920 நெடுவரிசைகளும் 1080 கிடைவரிசைகளுமாக ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள்ளன. 4கே திரையில் 3840 பெருக்கல் 2160, அதாவது ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள். நான்கு மடங்கு என்பது உண்மையே. ஆயினும் அந்நான்கு மடங்கைக் கண் காணுமா என்பதே கேள்வி. 43 அங்குலத் திரையின் அகலம் 95 செ.மீ. அதனை 1920ஆல் வகுத்தால் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர். குறையில்லாத கண் 7 அடித் தொலைவிலிருந்து ஏறத்தாழ 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைத்தான் பிரித்தறியும். எனவே ஃபுல் எச்.டி. திரையின் புள்ளிகளே அக்கூடத்தில் அமர்ந்திருப்பவரின் கண்ணுக்குத் தனித்தனியே தெரியமாட்டா. அவற்றைப் பாதியாகச் சுருக்குவதால் அவர் அடையும் பயன் மிகக் குறைவு. பிள்ளைகள் அதே திரையைக் கணினியோடு இணைத்து மூன்றடி அருகில் அமர்ந்து படிப்பார்களாயின் கணக்கு மாறும். இரண்டு வகைகளும் ஏறக்குறைய ஒரே விலையில் கிடைத்தாலும் 4கே திரையை ஒதுக்க வேண்டியதில்லை. அதற்காகப் பல ஆயிரம் கூடுதலாகக் கொடுப்பதுதான் தேவையற்றது.

ஏனைய பெயர்களிலும் சில ஏமாற்றங்கள் உண்டு. ‘எல்.இ.டி. தொலைக்காட்சி’ என்று விற்கப்படுபவற்றுள் பெரும்பாலானவை பின்னொளிக்கு மட்டும் எல்.இ.டி. விளக்குகளைப் பயன்படுத்தும் எல்.சி.டி. திரைகளே. கியூ.எல்.இ.டி. என்பதும் அதே குடும்பம். நிறங்களைச் செறிவாக்கும் மெல்லிய படலம் ஒன்று அதில் கூடுதலாக இருக்கும். ஓ.எல்.இ.டி. மட்டுமே ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வேறு வகை. அதன் விலை இக்குடும்பத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. எச்.டி.ஆர். என்னும் சொல்லும் குறைந்த விலைப் பெட்டிகளில் காணப்படுகிறது. அப்பெட்டி எச்.டி.ஆர். படத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதே அதன் பொருள். அப்படத்தின் பேரொளியை உள்ளபடி காட்டும் வலிமை மலிவான திரைக்குப் பெரும்பாலும் இராது.

கடையில் பார்க்கும்போது எல்லாத் திரைகளும் அழகாகவே தோன்றும். விற்பனைக் கூடத்தின் வெள்ளொளியில் எடுபடுவதற்காக ஒளியும் நிறமும் உச்ச அளவில் வைக்கப்பட்டிருக்கும். ஓடும் படமும் பூக்கள், கடல், பறவைகள் எனத் தேர்ந்தெடுத்த ஒன்று. எனவே விற்பனையாளரிடம் கேட்டு, ஒளி அமைப்பை இயல்பு நிலைக்கு மாற்றி, வீட்டில் வழக்கமாகப் பார்க்கும் செய்தியையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ ஓடவிட்டுப் பார்ப்பது நன்று. பிறகு திரையின் நேரெதிரே நில்லாமல் பக்கவாட்டில் நகர்ந்து பார்க்க வேண்டும். சில திரைகளில் கருமை ஆழமாக இருக்கும்; ஆனால் பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளிறும். வேறு சிலவற்றில் எப்பக்கமிருந்தும் நிறம் மாறாது. ஐவர் சிறிய கூடத்தில் பரவி அமரும் வீட்டிற்குப் பின்னதே ஏற்றது. பாட்டியின் கட்டில் பெரும்பாலும் மூலையில்தான் இருக்கும்.

ஒலியைப் பலர் மறந்துவிடுகின்றனர். திரை மெலிந்த அளவுக்கு ஒலிபெருக்கியும் சிறுத்துவிட்டது. வசனம் தெளிவாகக் கேட்கிறதா என்பதைக் கடையிலேயே சோதிக்க வேண்டும். செவித்திறன் குறைந்தவர் வீட்டில் இருந்தால் ஒலியின் தெளிவு படத்தின் தெளிவைவிட முதன்மையானது.

இணையத்தோடு இணையும் ‘ஸ்மார்ட்’ பெட்டிகளில் நினைவகம் குறைவாக இருந்தால், ஓரிரு ஆண்டுகளில் செயலிகள் திறக்கவே நெடுநேரம் ஆகும். அதற்காக நல்ல திரையைத் தூக்கியெறிய வேண்டியதில்லை. எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் சிறு கருவியொன்று அவ்வேலையைச் செய்யும். ஆதலால் திரைக்கும் ஒலிக்கும் முதலில் செலவிட்டு, ஏனையவற்றைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்.

விலைச்சீட்டில் எழுதப்படாத செலவுகளும் உள்ளன. ஒன்று மின்சாரம். எரிசக்தித் திறன் பணியகத்தின் நட்சத்திர முத்திரையில், அப்பெட்டி ஓராண்டில் செலவிடும் யூனிட்டுகளின் எண்ணிக்கை அச்சிடப்பட்டிருக்கும். நட்சத்திரங்களை எண்ணுவதைவிட அவ்வெண்ணை ஒப்பிடுவதே நேரிய வழி. நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடும் வீட்டில், 60 வாட் பெட்டிக்கும் 100 வாட் பெட்டிக்கும் ஆண்டில் ஏறத்தாழ 117 யூனிட் வேறுபாடு வரும். யூனிட்டுக்கு 7 ரூபாய் எனக் கொண்டால் அது 800 ரூபாய்க்கு மேல். மற்றொன்று மாதக் கட்டணம். தமிழ்நாட்டிற்கு வெளியே உள்ள ஊர்களில் உள்ளூர்க் கேபிளில் தமிழ் அலைவரிசைகள் எல்லாம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கூரையில் சிறு கிண்ண வானலை வாங்கி பொருத்தினால், தூர்தர்ஷனின் ‘ஃப்ரீ டிஷ்’ சேவையில் மாதக் கட்டணமின்றி டிடி தமிழ் அலைவரிசையைப் பார்க்கலாம். பாட்டி விரும்பும் தனியார் தமிழ் அலைவரிசைகளுக்குக் கட்டணச் சேவை வேண்டியிருக்கும். அத்தொகையைப் பன்னிரண்டால் பெருக்கி முன்னரே கணக்கில் சேர்க்க வேண்டும். மின்னழுத்த நிலைப்படுத்தியும் உடன் வாங்க வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தினால், பெட்டியின் பின்புறத்தைப் பார்க்க வேண்டும். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அங்கே எழுதியிருந்தால், பெரும்பாலான வீடுகளுக்கு அச்செலவு தேவைப்படாது.

அச்சிட்டுள்ள அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடங்கும். அதற்கு மேல் விற்பது குற்றம். குறைத்துக் கேட்பது வாங்குபவரின் உரிமை. 2025ஆம் ஆண்டு செப்டம்பர் 22 முதல் 32 அங்குலத்திற்கு மேற்பட்ட பெட்டிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. இதனை அறிந்தவர் பழைய விலைச்சீட்டைக் கண்டால் கேள்வி கேட்பார். ‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அழைப்பையும் ஆராய வேண்டும். வட்டி பல நேரங்களில் செயலாக்கக் கட்டணமாக மறைந்து வருகிறது என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013ஆம் ஆண்டிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது. முழுப்பணம் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடி தவணையில் கிடைக்கிறதா என்று கேட்டாலே உண்மை தெரிந்துவிடும். பெட்டியின் மீது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் குறியும், ஆங்கில ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவெண்ணும் இருக்கின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணிமாற்றம் உள்ள குடும்பங்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. நாக்பூரில் வாங்கிய பெட்டி நாளை போபாலுக்கோ குவாஹாட்டிக்கோ செல்ல நேரும். அங்கெல்லாம் பழுது நீக்கும் நிலையம் உள்ள நிறுவனமா என்பதை வாங்குமுன் விசாரிப்பது, சில நூறு ரூபாய் குறைத்து வாங்குவதைவிடப் பயனுடையது. பெட்டியில் குறை இருந்து கடையும் நிறுவனமும் கைவிட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, வாங்கிய ஊரிலன்றித் தாம் இப்போது வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். இதற்காகப் போபாலிலிருந்து நாக்பூருக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் இவற்றுக்கெல்லாம் ரசீது கையில் இருக்க வேண்டும். வெப்பத்தில் மங்கும் தாளில் அச்சிட்ட ரசீதாக இருந்தால் அன்றே படியெடுத்து வைக்க வேண்டும்.

உடைந்த திரைக்கு உத்தரவாதம் பொதுவாகப் பொருந்தாது. திரையை மாற்றும் செலவோ புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும். ஆதலால் அட்டைப் பெட்டியையும் அதனுள் வந்த தெர்மாகோல் அச்சுகளையும் பழைய பொருள்காரரிடம் போட்டுவிடாமல் பரணில் ஏற்றி வைக்க வேண்டும். அடுத்த பணிமாற்ற ஆணை வரும் நாளில், திரையைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தியே அதனுள் வைத்து லாரியில் ஏற்றலாம்.