சும்மா இருந்தாலும் சிதையும் டி.என்.ஏ.

"பீடி, சிகரெட் கிடையாது, குடி கிடையாது. இவருக்கு எப்படிப் புற்றுநோய்?" புற்றுநோய் சிகிச்சைப் பிரிவுகளின் வாசலில் அன்றாடம் கேட்கும் கேள்வி இது. எங்கே தவறினோம் என்ற குற்ற உணர்வும் பல குடும்பங்களை வாட்டுகிறது. பல நேரங்களில் அந்தக் குற்ற உணர்வுக்கு இடமே இல்லை. டி.என்.ஏ. தானாகவே சிதையும் பொருள். அதற்கு வெளியிலிருந்து நஞ்சு வர வேண்டியதில்லை. செல்லுக்குள் இருக்கும் தண்ணீரும் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்ஸிஜனுமே போதும்.

1960களில் யாரும் இப்படி நினைக்கவில்லை. தலைமுறை தலைமுறையாகப் பரம்பரைக் குணங்களைக் கடத்தும் டி.என்.ஏ. மிக உறுதியானதாகத்தான் இருக்க வேண்டும் என்றே நம்பினார்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஸ்வீடன் நாட்டு அறிஞர் தோமஸ் லிண்டாலுக்கு அதில் சந்தேகம் வந்தது. அவர் கையாண்ட ஆர்.என்.ஏ. சூடாக்கியவுடன் சிதைந்துபோனது. அதன் நெருங்கிய உறவான டி.என்.ஏ. மட்டும் வாழ்நாள் முழுவதும் எப்படித் தாக்குப்பிடிக்கும்? ஸ்டாக்ஹோம் திரும்பிய பிறகு, டி.என்.ஏ.வைக் கரைசலில் வைத்து அது சிதையும் வேகத்தை அளந்தார். கணக்கு அவரையே திகைக்க வைத்திருக்கும்: மனித செல் ஒவ்வொன்றும் நாளொன்றுக்குச் சுமார் 10,000 டி.என்.ஏ. எழுத்துகளை இழக்கிறது. இந்த வேகத்தில் உயிர் நிலைத்திருக்க வழியே இல்லை. ஆனால் நிலைத்திருக்கிறது. அப்படியானால் இழப்பை உடனுக்குடன் சரிசெய்யும் ஏற்பாடு செல்லுக்குள்ளேயே இருந்தாக வேண்டும் என்று முடிவுகட்டி, அதைத் தேடத் தொடங்கினார்.

அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்று டி.என்.ஏ.வில் நான்கு எழுத்துகள். அடினினுக்கு எதிரில் தைமினும், குவானினுக்கு எதிரில் சைட்டோசினும் இணையாக நிற்கும். இவற்றில் சைட்டோசின் பலவீனமானது. தண்ணீர் பட்டுத் தன் அமினோ தொகுதியை இழந்தால் அது யுராசிலாக மாறிவிடும். ஒரு செல்லில் ஒரு நாளைக்கு நூறு முறைக்கு மேல் இது நடக்கிறது. யுராசில் அடினினோடு சேரும் இயல்புடையது. அப்படியே விட்டால், செல் பிரியும்போது பிழை நிரந்தரமாகிவிடும். சைட்டோசின் இருந்த இடத்தில் தைமின் வந்து உட்கார்ந்துவிடும்.

யுராசிலை மட்டும் கண்டுபிடித்து அகற்றும் நொதி ஒன்றை 1974இல் லிண்டால் பாக்டீரியாவில் கண்டறிந்தார். அது டி.என்.ஏ. இழையைத் தடவிக்கொண்டே போகிறது. யுராசில் அகப்பட்டால் அதை இழையிலிருந்து வெளியே திருப்பி, வெட்டி எடுத்துவிடுகிறது. மற்ற நொதிகள் அந்த இடத்தில் இழையின் முதுகெலும்பை வெட்டி, எதிரில் இருக்கும் குவானினைப் பார்த்துச் சரியான எழுத்தை வைத்து ஒட்டிவிடுகின்றன. ஆர்.என்.ஏ.வில் யுராசில் இருக்க, டி.என்.ஏ.வில் மட்டும் ஏன் தைமின் என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது. யுராசிலே அங்கு முறையான எழுத்தாக இருந்தால், எது பிழை, எது சரி என்று நொதிக்குத் தெரியாது.

ஆனால் ஓர் ஓட்டை உண்டு. நம் டி.என்.ஏ.வில் சில சைட்டோசின்களில் மெத்தில் தொகுதி ஒட்டியிருக்கும். அவை சிதைந்தால் யுராசில் வராது, தைமினே வரும். தைமின் முறையான எழுத்து என்பதால் பழுதைக் கண்டுபிடிப்பது கடினம். புற்றுநோயைத் தடுக்கும் பி53 மரபணுவில் அடிக்கடி பிழை ஏற்படும் இடங்கள் பல இப்படிப்பட்டவைதான். வாசலில் கேட்ட கேள்விக்கு விடையின் ஒரு பகுதி இங்கே கிடைக்கிறது.

வெயில் செய்யும் சேதம் வேறு வகை. புற ஊதாக் கதிர் பட்டால் பக்கத்துப் பக்கத்துத் தைமின்கள் ஒன்றோடொன்று பிணைந்து முடிச்சாகிவிடும். அசீஸ் சன்ஜார் இதை ஆராய்ந்தார். துருக்கியின் சாவுர் என்ற சிற்றூரில் எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்து, மருத்துவம் படித்து, ஊர்ப்பக்கம் டாக்டராக இருந்துவிட்டு ஆய்வுக்கு வந்தவர். முடிச்சின் இருபுறமும் வெட்டி, அந்தத் துண்டையே தூக்கி எறிகிறது பாக்டீரியா என்று 1983இல் காட்டினார். அதில் 12, 13 எழுத்துகள் போகும். மனித செல்லில் முப்பதுக்குச் சற்றுக் குறைவு. ஒளியின் உதவியால் முடிச்சை நேரடியாக அவிழ்க்கும் நொதியும் பல உயிரினங்களுக்கு உண்டு. நமக்கு அது இல்லை.

இந்த வெட்டும் ஏற்பாடு பிறவியிலேயே பழுதானால் வருவது ஸீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய். சற்று நேரம் வெயில் பட்டாலே குழந்தையின் தோல் வெந்துபோகும், புள்ளிகள் படரும். பத்து வயதுக்குள்ளேயே தோல் புற்றுநோய் வரலாம். பழுதுநீக்கக் குறைபாடே இதற்குக் காரணம் என்று 1968இல் ஜேம்ஸ் கிளீவர் கண்டறிந்தார். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய் வரும். தாய்மாமன், அத்தை மகன் என்று உறவுக்குள் திருமணம் செய்யும் நம் குடும்பங்களில் அந்த வாய்ப்பு கூடுதல் என்பதை வெளிப்படையாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

டி.என்.ஏ. நகலெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்தும் முறையை அமெரிக்காவின் பால் மோட்ரிச் விளக்கினார். இந்தத் திருத்தம் பிழைகளை ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைக்கிறது. அதற்கான மரபணுக்களில் ஒன்று பழுதாகப் பிறந்தால் லிஞ்ச் நோய்க்குறி. பெருங்குடல், கருப்பைப் புற்றுநோய்கள் இளவயதிலேயே வரக்கூடும். லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கும் 2015இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்தால் பார்த்துத் திருத்த எதிர் இழை இருக்காது. அப்போது கைகொடுப்பவை பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்கள். பிஆர்சிஏ1 பழுதோடு பிறந்த பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 70 சதவீதம். ஆனால் இந்தப் பழுதே மருந்துக்கும் வழிவிட்டது. இந்த மரபணுவை இழந்த புற்று செல், பார்ப் என்ற இன்னொரு பழுதுநீக்க நொதியை நம்பியே பிழைக்கிறது. அதையும் முடக்கினால் புற்று செல் மடியும்; ஒரு நல்ல நகலாவது வைத்திருக்கும் மற்ற செல்கள் தப்பிக்கும். 2005இல் ஆய்வகத்தில் கண்ட இந்த உண்மை, 2014இல் ஓலாபரிப் என்ற மருந்தாகச் சினைப்பைப் புற்றுநோயாளிகளை எட்டியது.

குடும்பத்தில் ஒருவருக்கு மேல் மார்பகம், சினைப்பை, பெருங்குடல் அல்லது கருப்பையில் புற்றுநோய் வந்திருந்தால், குறிப்பாக 50 வயதுக்குள் வந்திருந்தால், டாக்டரிடம் சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்கள். லிஞ்ச் குடும்பம் என்று தெரிந்தால் குடல் உள்நோக்கிப் பரிசோதனையில் கட்டி புற்றாகும் முன்பே அகற்றிவிட முடியும். விவரம் சொல்லும்போது அத்தைகளையும் அப்பாவைப் பெற்ற பாட்டியையும் விட்டுவிடாதீர்கள். பிஆர்சிஏ பழுது அப்பா வழியிலும் அதே அளவுக்கு வரும்.