பெரிய மனுஷி ஆகலையா? மறைக்க வேண்டாம், காட்டுங்கள்

விருதுநகர் மாவட்டத்துச் சுந்தரபாண்டியம் பக்கம் ஒரு பெண்பிள்ளை பத்தாம் வகுப்பு முடித்தும் வயதுக்கு வரவில்லை என்றால் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்வார்கள். அதில் தவறில்லை. ஆனால் நாளைக்கு மாப்பிள்ளை அமையாதே என்று பயந்து டாக்டரிடம்கூடச் சொல்லாமல் மறைக்கிறார்களே, அதுதான் பிள்ளையைப் பாதிக்கிறது. 15 வயது முடிந்தும் மாதவிடாய் வராவிட்டால் காரணத்தைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும்.

எக்ஸ் குறைந்தால், கூடினால்

காரணங்களில் ஒன்று டர்னர் சிண்ட்ரோம். பெண்ணுக்கு இருக்க வேண்டிய இரண்டு எக்ஸ் குரோமோசோம்களில் ஒன்று முழுதாகவோ பாதியாகவோ இல்லாத நிலை. 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. பிறந்தபோது கை, கால் பாதங்கள் வீங்கியிருந்ததா, வகுப்பில் எப்போதும் இவள்தான் குட்டையா என்று யோசித்துப் பாருங்கள். உயரத்துக்கு ஊசி உண்டு, ஆனால் எலும்பு வளர்ச்சி முடிவதற்குள் தொடங்க வேண்டும். ஹார்மோன் மாத்திரை மாதவிடாய்க்கு மட்டுமல்ல, எலும்பு உறுதிக்கும் தேவை. இதயத்துக்கு எக்கோ, சிறுநீரகத்துக்கு ஸ்கேன், காது, தைராய்டு பரிசோதனைகளையும் விடக்கூடாது.

ஆண்களில் கூடுதலாக ஒரு எக்ஸ் இருந்தால் கிளைன்ஃபெல்டர். 500 முதல் 1,000 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குக் கடைசிவரை தெரிவதே இல்லை. கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று மனைவியை வருடக்கணக்கில் கோயில் கோயிலாக அலையவிட்ட பிறகு, கணவனுக்கு எடுத்த விந்துப் பரிசோதனையில் தெரியவருவதும் உண்டு. அந்தப் பெண் வாங்கிய பேச்சுக்கு யார் பதில் சொல்வது?

சொந்தத்தில் கட்டியதாலா?

நம் பக்கம் முதலில் வரும் சந்தேகம் இதுதான். தாய்மாமன், அத்தை மகன் என்று கட்டினால் வேறு சில பரம்பரை நோய்கள் கூடும், உண்மை. டர்னரும் கிளைன்ஃபெல்டரும் அப்படி வருபவை அல்ல. கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது, அல்லது கரு தரித்த கையோடு, குரோமோசோம்கள் சரியாகப் பிரியாமல் போவதுதான் காரணம். தாய் கர்ப்பத்தில் சாப்பிட்டது, செய்தது எதற்கும் இதில் பங்கில்லை.

எங்கே கேட்பது

அரசுப் பள்ளிக்கு வருடத்துக்கு ஒருமுறை வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமே சொல்லலாம். அவர்கள் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் அரசு மருத்துவமனைகளில் குழந்தைகள் நல மருத்துவரைப் பார்த்து, விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரிக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ பரிந்துரைச் சீட்டு கேட்கலாம். எங்கே தொடங்குவது என்றே புரியாவிட்டால் 104-க்குப் போன் போடுங்கள்.

கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயர் கேரியோடைப்பிங். பச்சை மூடி போட்ட டியூபில் கொஞ்சம் ரத்தம் எடுப்பார்கள். வெறும் வயிறு வேண்டாம். செல்களை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால் முடிவு வர இரண்டு, மூன்று வாரம்கூட ஆகும். ரிப்போர்ட்டில் ‘45,எக்ஸ்’ என்றிருந்தால் டர்னர், ‘47,எக்ஸ்எக்ஸ்ஒய்’ என்றிருந்தால் கிளைன்ஃபெல்டர். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள், ஆயுள் முழுக்க எந்த டாக்டரும் கேட்பார்.

அவசர ஆபரேஷன் வேண்டாம்

இந்த இரண்டும் தவிர, பிறப்புறுப்பு ஆணா பெண்ணா என்று தெளிவாக இல்லாமலும் சில குழந்தைகள் பிறக்கின்றன. உடனே அறுத்துச் சரிசெய்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நிறுத்துங்கள். பெற்றோர் சம்மதம் குழந்தையின் சம்மதம் ஆகாது என்று 2019 ஏப்ரலில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழக அரசு இத்தகைய அறுவைக்குத் தடை ஆணை போட்டது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் விலக்கு. அப்படியென்றால் என்ன ஆபத்து என்பதை டாக்டரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிய பிறகு கையெழுத்துப் போடுங்கள்.