கார் போகாத ஊரில் கல்யாணப் படம்!

தாராவி போட்டோகிராபர் ஒருவருக்கு மாதேரான் மலையில் கல்யாண வேலை கிடைத்தது. துணைக்கு நானும் போனேன்.

கர்ஜத் லோக்கலில் போய் நேரலில் இறங்க வேண்டும். அங்கிருந்து பொம்மை ரயில். இரண்டடி அகலப் பாதை. நீளம் 21 கிலோமீட்டர். ஆதம்ஜி பீர்பாய் குடும்பத்தார் சொந்தப் பணத்தில் போட்டு, 1907-ல் ஓடவிட்டது. வழியில் ஒரே ஒரு குகை. அதன் பெயர் 'ஒன் கிஸ் டனல்'! மழைக்காலத்தில் நேரலிலிருந்து இந்த ரயில் கிடையாது.

சுமை யார் தலையில்?

டாக்சி தஸ்தூரி நாக்கா வரைதான். அதற்கு மேல் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் தடை. கேமரா, விளக்கு, மணப்பெண்ணின் பெட்டி எல்லாம் கூலியாள் தலையிலோ குதிரை முதுகிலோதான் போகும். பாட்டிமாரை ஏற்றிப்போன கைரிக்‌ஷாவை ஆறு மாதத்தில் நிறுத்தும்படி 2025 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. இழுத்தவர்களுக்கே இ-ரிக்‌ஷாவை வாடகைக்குக் கொடுக்கவும் சொன்னது.

எங்கே எடுப்பது?

சூரிய உதயத்துக்கு பனோரமா பாயிண்ட். அஸ்தமனத்துக்கு பார்குபைன் பாயிண்ட். மணமக்களை நிறுத்த சார்லட் ஏரிக்கரை. வழியெல்லாம் செம்மண் தூசி. லென்ஸ் துடைக்கத் துணி அவசியம். முகூர்த்தம் யாருக்காகவும் காத்திராது. முதல் நாளே மலை ஏறிவிடுவது நல்லது.

இன்னொன்று. கல்யாண வீட்டாரிடம் ரேட் பேசும்போதே சுமைகூலியைத் தனியாகப் பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் நாக்காவில் போட்டோகிராபரும் கூலியாளும் பத்து ரூபாய்க்கு மல்லுக்கட்ட வேண்டிவரும். இருவருமே அன்றன்று உழைத்துச் சாப்பிடுகிறவர்கள்!