வேனுக்குள்ள பெய்யுற மழை: குளிர்லயும் ஜன்னலைத் திறக்கணும், ஏன்?

போன எபிசோடுக்கு வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான்: "ஸ்காட்லாந்து குளிர்காலத்துல கேம்பர் வேன்ல இருக்கீங்களே, ராத்திரி உறைஞ்சு போக மாட்டீங்களா?" குளிரை ஹீட்டர் பார்த்துக்கும். இங்க நிஜமான தலைவலி தண்ணி. மழைத்தண்ணி இல்ல, நாமளே உள்ள உண்டாக்குற தண்ணி.

சென்னையில ஐஸ் வாட்டர் ஊத்தின டம்ளர் வெளிப்பக்கம் வேர்க்கும்ல? அதே விஷயம்தான். காத்து ஒரு அளவுக்கு மேல ஈரத்தைத் தாங்காது. குளிரக் குளிர அந்த அளவு குறையும். 20 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து சுமார் 17 கிராம் நீராவி தாங்கும். 5 டிகிரியில 7 கிராம்கூட தாங்காது. உள்ள 20 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம்னா, 12 டிகிரிக்குக் கீழ இருக்கிற எந்தப் பரப்பும் வேர்க்கும். குளிர்கால ராத்திரியில வேனோட கண்ணாடியும் தகரமும் அதுக்கும் கீழதான் இருக்கும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. என் வேனுக்குள்ள இருக்கிற காத்து சுமார் 12 கன மீட்டர். 20 டிகிரியில அது அதிகபட்சம் தாங்குறது 200 கிராம் சொச்சம், அதாவது ஒரு டம்ளர் தண்ணி. ராத்திரி முழுக்க ஒருத்தர் மூச்சுலயும் வேர்வையிலயும் விடுற ஈரமே கிட்டத்தட்ட அவ்வளவு வந்துடும். ரெண்டு பேர் தூங்கி எழுந்து, காலையில இட்லியும் அவிச்சா? கேஸும் சும்மா இல்ல: ஒரு கிலோ புரொப்பேன் எரிஞ்சா சுமார் 1.6 கிலோ தண்ணி நீராவியா வரும். அதனால புகைக்குழாய் இல்லாத கேஸ் ஹீட்டர் வேனைச் சூடாக்கிக்கிட்டே நனைக்கவும் செய்யும். டீசல் ஹீட்டர்ல புகையும் நீராவியும் குழாய் வழியா வெளியே போயிடும்.

ஆனா வெறும் சூடு ஈரத்தை அழிக்காது, காத்துல ஏத்தி வைக்கும், அவ்வளவுதான். அந்தக் காத்து வெளியே போகணும். அதனால ஹீட்டர் ஓடும்போதே கூரை வென்ட்டையும் ஒரு ஜன்னலையும் விரலளவு திறந்து வைக்கிறேன். "வெளியில மழை, ஈரப்பதம் 90 சதவீதம், திறந்தா இன்னும் மோசமாகாதா?" ஆகாது. 5 டிகிரி காத்துல 90 சதவீதம்னா வெறும் 6 கிராம்தான். அதே காத்தை உள்ள 20 டிகிரிக்குச் சூடாக்கினா, ஈரப்பதம் சுமார் 35 சதவீதமா இறங்கிடும். டீசல் கொஞ்சம் கூடச் செலவாகும். பூஞ்சை பிடிச்ச மெத்தையை மாத்துறதுக்கு அது எவ்வளவோ மேல்.

மத்ததெல்லாம் இதுக்குத் துணைதான்:

மெத்தைக்கு அடியில காத்து போக இடைவெளி விட்ட மரச்சட்டம் போடுங்க. உடம்புல இருந்து இறங்குற ஈரம், குளிர்ந்த பலகையில பட்டு அங்கதான் தேங்கும்.

ஜன்னல் மறைப்பை முடிஞ்சா வெளிப்பக்கம் மாட்டுங்க. உள்பக்கம் மட்டும் மாட்டினா, கண்ணாடி இன்னும் குளிர்ந்து, மறைப்புக்குப் பின்னாடி தண்ணி வழியும்.

சமைக்கும்போது மூடி போடுங்க. ஈரத்தை உறிஞ்சுற கால்சியம் குளோரைடு டப்பா அலமாரிக்குள்ள வைக்க ஓகே, மொத்த வேனுக்கும் அது போதாது.

ஒரு ஹைக்ரோமீட்டர் வாங்கி மாட்டுங்க. 40-ல இருந்து 60 சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதியா தூங்கலாம்.

கடைசியா ஒண்ணு, இதை மட்டும் மறக்காதீங்க. குளிருதுன்னு வேன்ல நிரந்தரமா விட்டிருக்கிற காத்துத் துளைகளை டேப் போட்டு அடைக்காதீங்க. ஈரம் சேரும்ங்கறது அப்புறம். கார்பன் மோனாக்சைடு சேர்ந்தா வாசனையே வராது, தூக்கத்துலயே உயிர் போயிடும். அலாரம் கட்டாயம் மாட்டுங்க, துளையையும் திறந்தே விடுங்க.

கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பேசுவோம்!