கடல் கடந்து வரும் முந்திரிக்கொட்டை

பண்ருட்டியிலும் கன்னியாகுமரி ஜில்லாவிலும் முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலைகளுக்கு நம் மரங்களின் விளைச்சல் போதுவதில்லையாதலால், ஐவரி கோஸ்ட், பெனின், டான்ஸானியா, மொஸாம்பிக் முதலிய ஆப்பிரிக்க தேசங்களிலிருந்து தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக வந்திறங்கும் கொட்டையை நம்பியே அவற்றில் பல நடந்து வருகின்றன. உலக முந்திரியில் பாதிக்கு மேல் இன்று ஆப்பிரிக்க மண்ணில் விளைகிறது. ஆயினும் அதில் பெரும்பகுதி ஓடு நீக்கப்படாமலே இந்தியாவுக்கும் வியட்நாமுக்கும் கப்பலேறுகிறது. 100 கிலோ கொட்டையை உடைத்தால் கிடைப்பது 20 கிலோவுக்குச் சற்று மிகையான பருப்புத்தான் என்பதை எண்ணும்போது, விளைகிற தேசத்திலேயே அதை உடைத்தால் என்ன என்ற கேள்வி எவர் மனத்திலும் எழும். அப்படி உடைத்து வந்த ஒரு தேசம் அத்தொழிலை இழந்த விருத்தாந்தமே மொஸாம்பிக்கினுடையது.

16-ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் பிரேஸிலிலிருந்து கோவாக் கரைக்குக் கொண்டு வந்த அதே மரத்தை மொஸாம்பிக் கரையிலும் நட்டார்கள். 1970-களின் தொடக்கத்தில் அந்நாடு ஆண்டுக்கு 2 லட்சம் டன் அளவில் விளைவித்து, உலகத்தில் முதலிடம் பெற்று, பெரிய ஆலைகளையும் நடத்தி வந்தது. 1975-இல் சுதந்திரம் கிட்டியபின் மூண்ட உள்நாட்டு யுத்தம் 1992 வரை நீடிக்கவே, ஜனங்கள் தோப்புகளை விட்டு ஓடினார்கள். மரங்கள் முதிர்ந்து காய்ப்பு ஓய்ந்தன. சர்க்கார் வசமான ஆலைகளும் நலிந்தன.

யுத்தம் ஓய்ந்து, ஆலைகள் தனியார் கைக்கு மாறிய சமயத்திலேதான், உடைக்காத கொட்டையின் ஏற்றுமதி மீதான தடைகளைத் தளர்த்த வேண்டுமென்று உலக வங்கி கடனுக்கு நிபந்தனை விதித்தது. ஏற்றுமதி தாராளமானால் குடியானவனுக்கு நல்ல விலை கிடைக்கும் என்பது அவர்கள் சொன்ன நியாயம். அதன்படி 1991-92-இல் 60 சதவீதமாக இருந்த ஏற்றுமதி வரி, 1998-99-க்குள் 14 சதவீதமாக இறங்கிற்று. கொட்டை இந்தியாவுக்குப் போயிற்று. ஆலைகள் ஒவ்வொன்றாக மூடின. 2001-க்குள் ஏறத்தாழ 10,000 தொழிலாளரில் பெரும்பாலோர் வேலை இழந்தனர். டானி ராட்ரிக் முதலிய பொருளாதார நிபுணர் மூவர் பின்னர் ஆராய்ந்து கணக்கிட்டபோது, முந்திரி பயிரிடும் சராசரிக் குடும்பம் ஒன்றுக்கு இதனால் கிடைத்த லாபம் ஆண்டுக்கு 5 டாலருக்குச் சற்று மிகையாகவே இருந்தது. இத்தனை சொற்பமான பயனுக்கு இத்தனை குடும்பங்களின் அன்றாட ஜீவனத்தை ஈடாக வைத்தது பெரும் தவறு என்பதே என் அபிப்பிராயம்.

ஆனால் வரியொன்றே அவ்வாலைகளை வாழ வைத்திருக்கும் என்றும் நான் சொல்ல மாட்டேன். அவற்றில் பல பெரும் யந்திரங்களை நம்பியவை. முந்திரியோ சுலபமாக யந்திரத்துக்கு வசப்படுவதன்று. ஓட்டிலுள்ள எண்ணெய் கையைப் புண்ணாக்கும். கொட்டைகளின் அளவும் வளைவும் ஒன்றுக்கொன்று வேறுபடும். பருப்பு உடைந்தால் விலையும் விழுந்துவிடும். பவுண்டுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்று எண்ணித் தரம் பிரிக்கும் இவ்வியாபாரத்தில் லாபமும் நஷ்டமும் அந்த முழுமையிலேயே அடங்கியிருப்பதால், தலைமுறை தலைமுறையாகக் கொல்லத்துப் பெண்கள் கட்டையால் தட்டிப் பெற்ற கைநேர்த்தியோடு அந்த யந்திரங்கள் போட்டியிட இயலவில்லை. இதை அறிந்துதான் பிற்காலத்தில் மொஸாம்பிக்கின் நம்புலா பிரதேசத்தில் எழுந்த சிறிய ஆலைகள், கையாலும் காலாலும் இயக்கும் எளிய கருவிகளை வைத்துக்கொண்டு உடைக்கத் தொடங்கின. அதற்கு முன்பே, 1999-இல், ஏற்றுமதி வரியை மீண்டும் 18 முதல் 22 சதவீதத்துக்கு உயர்த்தும் சட்டமும் வந்திருந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவில் பெனின் இன்னும் துணிந்து, 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டையின் ஏற்றுமதியையே தடுத்து, கிளோ-ஜிக்பே தொழிற்பேட்டையில் ஆலைகளை அமைத்து வருகிறது. தடையை விதிப்பது சர்க்காரின் காரியம். அறுவடையோ சில மாதங்களிலேயே முடிந்துவிடும். ஆண்டு முழுவதும் ஆலை ஓடுவதற்கு வேண்டிய சரக்கை அந்தச் சில மாதங்களுக்குள் ரொக்கம் கொடுத்து வாங்கிச் சேமிக்க வேண்டுமே, அதற்கான மூலதனத்தை மிதமான வட்டிக்கு யார் தருவார் என்பது எனக்கு இன்றும் கவலை தரும் விஷயம். வியட்நாமிய முதலாளிக்கு அவன் நாட்டு வங்கியில் கடன் கிடைக்கிறது. பெனினில் ஆலை வைத்தவனுக்கும் அப்படிக் கிடைக்கும் வரையில், அவனுடைய யந்திரங்கள் கொட்டைக்காகக் காத்து நிற்கும் மாதங்களே அதிகமாக இருக்கும்.